மகஜரும் முப்பத்தாறு மாதமும்

தோட்ட நிறுவனமொன்றின் லாரி மோதி ஒருவன் காலை இழந்தால், நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்க அவனுக்கு ஆறு ஆண்டுக் காலம் உண்டு. அதே சாலையில், அதே வளைவில், அரசாங்க இலாகாவின் லாரி அலுவல் நிமித்தம் செல்லும்போது மோதினால், அவனுக்குள்ள காலம் முப்பத்தாறு மாதங்களே. கால் ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். மோதியவன் யாரென்பதைப் பொறுத்து நீதியின் வாசல் திறந்திருக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. தீபகற்ப மலேசியாவில் முன்னதை வகுத்தது 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். பின்னதை வகுத்தது 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம். சட்டத்தின் பெயரிலேயே அதன் உள்ளம் வெளிப்பட்டு விடுகிறது. பாதுகாப்பு வேண்டியவர் காலிழந்தவர் அல்லராம், அதிகாரியாம்!

இச்சட்டம் நம் மண்ணில் முளைத்ததன்று. 1893இல் இங்கிலாந்து இதே பெயரில் ஒரு சட்டத்தை இயற்றிற்று. அதைத்தான் காலனித்துவ ஆட்சி இங்கே கொண்டுவந்து ஊன்றியது. ஊன்றியவர்களோ 1954இல் தம் நாட்டில் அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டனர். அரசைத் தனியாரினும் மேலான பிரதிவாதியாக நடத்துவது முறையன்று என அவர்கள் கண்டனர். மூன்றாண்டுகள் கழித்து நாம் விடுதலை பெற்றோம். கொடியை மாற்றினோம், சாலைகளின் பெயர்களை மாற்றினோம், இந்தச் சட்டத்தை மட்டும் அலமாரியில் பத்திரமாக வைத்துக் கொண்டோம்.

காரணம் சொல்வார்கள். அதிகாரிகள் மாற்றலாகிப் போய்விடுவர், சாட்சியங்கள் மங்கிவிடும், அரசின் பணம் மக்களின் பணமாதலால் பழைய வழக்குகளுக்கு இறைக்கலாகாது என்பார்கள். இந்நாட்டில் காகிதங்களை எவரினும் நெடுங்காலம் காத்து வைப்பது அரசாங்கமே. கோப்பும் அதனிடம், சட்டத்துறைத் தலைவரின் அலுவலகமும் அதனிடம், அறிக்கை எழுதிய மருத்துவரும் அதனிடமே சம்பளம் பெறுகிறார். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டுப் பட்டணத்துப் புறம்போக்கில் குடியேறியவனிடமோ மருத்துவமனைச் சீட்டு ஒன்றுகூட மிஞ்சியிராது. மறதியால் கெடுபவன் அவனே. காலம் கூடுதலாக வேண்டுபவனும் அவனே. சட்டம் தலைகீழாக நிற்கிறது.

கால அளவோடு இது முடிந்ததா? அதே 2ஆம் பிரிவை மேலும் படித்துப் பாருங்கள். வழக்கில் தோற்றால், சாதாரணச் செலவுத்தொகைக்கு மாறாக, அதிகாரி தம் வழக்குரைஞருக்குக் கொடுக்க வேண்டியதை ஒட்டிய உயர்ந்த அளவில் வாதி செலுத்த வேண்டும். வழக்குக்கு முன் ஈடுசெய்ய முன்வரும் வாய்ப்பை அதிகாரிக்குப் போதிய அளவில் அளிக்கவில்லையென்று நீதிமன்றம் கருதினாலும், அந்த உயர்ந்த செலவுத்தொகை வாதியின் தலையில் விழக்கூடும். எனவே கோரிக்கைக் கடிதம் என்பது வெறும் சடங்கன்று. என்ன நேர்ந்தது, எந்த நாளில், எந்த அதிகாரியால், எவ்வளவு இழப்பு, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்பவற்றை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தல் வேண்டும். இதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

அதிகாரியின் பெயர் என்றேனே, அங்கே இன்னொரு முள்வேலி. 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 5, 6ஆம் பிரிவுகளின்படி, ஊழியர் இழைத்த தீங்குக்கு அரசு பொறுப்பேற்க வேண்டுமானால், அந்த ஊழியர் மீதே வழக்கு நிற்கத் தக்கதாக இருக்க வேண்டும். 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா நோய் பரவி அழிவுண்ட பன்றிப் பண்ணையாளர்கள் அரசின் மீது வழக்காடினர். கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்குக் கூறியது யாது? தவறிழைத்த அதிகாரியை வழக்கில் சேர்த்து, அவருடைய பொறுப்பை முதலில் நிறுவ வேண்டும். அதன் பின்னரே அரசு அவருக்காகப் பொறுப்பேற்கும் என்பதே. மூடிய கதவுக்குப் பின்னால் எந்த மேசையில் எவர் கையெழுத்திட்டார் என்பதை வெளியில் நிற்கும் குடியானவன் எங்ஙனம் அறிவான்? பெயரைச் சொல்லாதவர்களே, பெயரைக் கேட்கும் உரிமையையும் பெற்றிருக்கிறார்கள். வென்றபின்னும் அரசின் சொத்தை ஜப்தி செய்ய 33ஆம் பிரிவு இடந்தராது என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

இனி நம் வீட்டுக் குறையைப் பேசுவோம். சட்டம் கொடிதுதான், ஆயினும் அது தரும் முப்பத்தாறு மாதத்தை நாம் எப்படிச் செலவிடுகிறோம்? மகஜர் எழுதுகிறோம். தலைவர் ஒருவரிடம் கொடுத்துப் படம் எடுத்துக் கொள்கிறோம். மறுநாள் ஏட்டில் படம் வருகிறது. ஆறு மாதம் கழித்து, "தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய இலாகாவின் கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு பதில் வருகிறது. அந்தப் பதிலைச் சட்டமிட்டு மாட்டாத குறையாகப் போற்றுகிறோம். கிளைத் தேர்தல் வருகிறது, தலைவர் மாறுகிறார், புதியவருக்குப் புதிய மகஜர். "பேச்சுவார்த்தை நடந்து கொண்டிருக்கிறது, இப்போது கோர்ட்டுக்குப் போனால் காரியம் கெடும்" என்று ஒரு பெரியவர் அறிவுரை கூறுகிறார். அவர் நல்லெண்ணத்தோடுதான் கூறுகிறார். கேடு விளைவதும் அவ்வறிவுரையாலேயே. மகஜர் காலத்தை நிறுத்தாது. போலீஸ் புகார் நிறுத்தாது. அமைச்சரின் வாக்குறுதி நிறுத்தாது. தீங்கு தொடர்ந்து நடப்பதாயின் அது ஓய்ந்த நாளிலிருந்து கணக்கு. இல்லையேல் நிகழ்ந்த நாளிலிருந்து. முப்பத்தேழாம் மாதத்தில் வழக்குரைஞரைத் தேடிப் போனால், அவர் கோப்பைப் புரட்டிவிட்டு முதலில் கேட்பது "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்பதே. அப்போது மகஜரின் நகலை நீட்டுகிறோம்!

நட்டஈட்டு வழக்கிலாவது மூன்றாண்டு. அதிகாரத்தின் முடிவையே எதிர்த்து நிற்க வேண்டுமானால், அதாவது உரிமம் மறுத்தார்கள், வெளியேற்ற ஆணையிட்டார்கள், விண்ணப்பத்தைத் தள்ளினார்கள் என்றால், நீதிப் பரிசீலனைக்கு மூன்றே மாதம். 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 53ஆம் கட்டளை அப்படிச் சொல்கிறது. அதற்கு முன் நாற்பதே நாள் இருந்தது. தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் நீட்டிக்கலாம். ஆனால் அறியாமை தக்க காரணமாகுமென்று எவரும் நம்பியிருக்க வேண்டா. வழக்காடுமுன் அனுமதி பெற வேண்டும். அனுமதி விசாரணைக்கு மூன்று நாளேனும் முன்பாகச் சட்டத்துறைத் தலைவரின் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். நம் சங்கங்களில் நிர்வாகக் குழு கூடுவதற்கே மூன்று மாதம் ஆகிறது.

காலத்தோடு சென்றால் எல்லாம் கிட்டிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். குடியிருந்தோர் வழக்குத் தொடுத்தனர். 2006இல் கூட்டரசு நீதிமன்றம், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவைக் காட்டி, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் பொறுப்பன்று என்று தீர்த்தது. படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் நல்ல வழக்குரைஞர்களை அமர்த்தி நடத்திய வழக்கிலேயே கேடயம் வென்றது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கேடயம் பூண்ட எதிரியின் முன்னே, நாள் தவறிப் போய் நிற்பது அறிவுடைமையா?

நாள் தவறாமல் நின்றவர்களும் உண்டு. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் குகன் உயிரிழந்தார். தாயார் அரசையும் போலீசையும் எதிர்த்து 2012 ஜனவரியில் வழக்குப் பதிந்தார். மூன்றாண்டு முடியும் தறுவாயில்! 2013இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இன்னும் சில வாரம் கடந்திருந்தால் அந்தத் தாய்க்கு ஊர்வலமும் மலர்வளையமும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ஆகவே நம் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் ஒன்று செய்யட்டும். முறையீடு எதுவாயினும் அது வந்த அன்றே குறிப்பேட்டில் சம்பவம் நடந்த நாளையும், மூன்று மாதம் முடியும் நாளையும், முப்பத்தாறு மாதம் முடியும் நாளையும் எழுதி வைக்கட்டும். அந்த வாரமே வழக்குரைஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு ஆளனுப்பட்டும். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும்; வழக்கு இன்னொரு பக்கம் பதிவாகட்டும்.

மகஜர் எழுதிப் பழகிய கை சும்மா இராது என்பதை நான் அறிவேன். எழுதுங்கள். இம்முறை எந்த இலாகாவுக்கும் வேண்டா. நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். பொருள் ஒன்றே: 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவை நீக்குக.