மூலம் திறந்திருந்தால் போதுமா?

திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி பூட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் தொழில் கற்கிறார். கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் இதே நியாயம் வேண்டும் என்கிறோம்.

புரோகிராமர்கள் உலகெங்கும் கையாளும் கருவி ‘கிட்’. எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று கணக்கு வைப்பது அதன் வேலை. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். பலரது கூட்டுழைப்பில் வளர்ந்தது. அதன் மூல வரிகள் எவருக்கும் திறந்தவை, விலை கிடையாது.

ஆனால் மூலத்தை மெஷினுக்குப் புரியும்படி மாற்றினால்தான் வேலை நடக்கும். அதுவே கம்பைல் செய்வது. லினக்ஸில் சி கம்பைலரும் ‘இசட்லிப்’ போன்ற துணை நூலகங்களும் முதலில் வேண்டும். பின் ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என இரண்டே கட்டளைகள். கருவி நம் சொந்த டைரக்டரியில் அமரும்; நிர்வாகியின் பாஸ்வேர்டு தேவையில்லை. மேகின்டோஷில் ஆப்பிளின் கருவிகளை முதலில் நிறுவ வேண்டும். விண்டோஸிலோ ‘எம்சிஸ்2’ போன்ற தனிச் சூழலையே அமைக்க வேண்டும். தயாராகக் கிடைப்பதை நிறுவுவது சுலபம்தான். ஆனால் அதில் பிரித்துப் பார்க்கும் பயிற்சி ஏது?

கிட்டுடன் வரும் ‘இன்ஸ்டால்’ குறிப்பு இங்கிலீஷில் இருக்கிறது. பேகம்பூர் தோல் ஷாப் தொழிலாளியின் மகள் இதைச் செய்யப் புகுந்தால், ஒரு துணை நூலகம் இல்லாததால் வரும் பிழைச் செய்தியைத் தன் குற்றமென்று எண்ணி விட்டுவிடமாட்டாளா?

எனவே சர்க்கார் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் மூன்று சிஸ்டங்களுக்கும், பிழைச் செய்திகளின் விளக்கத்துடன், தமிழில் கையேடு வெளியிட வேண்டும். மாணவர் தம் கையாலேயே கம்பைல் செய்ய லேபில் நேரம் ஒதுக்க வேண்டும்.

மூலம் அனைவருக்கும் பொது என்றால், சாவியும் அனைவர் கையிலும் இருக்கட்டும்!