எல்லா ரூல்ஸையும் ஆன் பண்ணாதீங்க!

வார்கேம் பக்கம் புதுசா வர்றவங்களுக்குப் பழைய ஆட்கள் கொடுக்குற முதல் அட்வைஸ் என்ன தெரியுமா? "ஆப்ஷனல் ரூல்ஸ் எல்லாத்தையும் டிக் பண்ணு, அப்பத்தான் ரியலிஸ்டிக்கா இருக்கும்." தயவுசெய்து கேக்காதீங்க. நம்ம பசங்க பலர் ரெண்டே நாளில் வார்கேமை அன்இன்ஸ்டால் பண்றதுக்குக் காரணம் கிராபிக்ஸ் மட்டும் இல்ல, இந்த அட்வைஸும்தான்.

'ஜான் டில்லர்ஸ் கேம்பெயின் சீரிஸ்' விளையாட்டை எடுத்துக்குவோம். களம் இரண்டாம் உலகப்போர். மேப் முழுக்க அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் 250 மீட்டர், ஒரு டர்ன் 6 நிமிடம், ஒரு காய் என்பது ஒரு பிளாட்டூன். டாலன்சாஃப்ட் நிறுவனம் 1997இல் 'ஈஸ்ட் ஃபிரண்ட்' தொடங்கித் தனித்தனியாக வெளியிட்ட விளையாட்டுகளை, 2007இல் மேட்ரிக்ஸ் கேம்ஸ் ஒன்றாகச் சேர்த்துத் திரும்ப வெளியிட்டது. அதனால உள்ளே இருக்குற சினாரியோக்கள் பல, ரொம்பப் பழசு. சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது.

சினாரியோ என்றால் மேப் மட்டும் இல்ல. எந்தப் படை, எத்தனை டர்ன், எந்த ஊரைப் பிடிச்சா எத்தனை பாயிண்ட் என எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு. அன்னைக்கு இருந்த ரூல்ஸை வச்சுத்தான் அதை எழுதினவர் பேலன்ஸ் பண்ணியிருப்பார். பழைய ரூல்படி, நிலைகுலைஞ்சுபோன எதிரி மேல அசால்ட் பண்ணினா சுலபமா சரணடைஞ்சிடுவான். பிறகு ஒரு அப்டேட்டில் 'எக்ஸ்ட்ரீம் அசால்ட்' என்ற ஆப்ஷன் வந்தது. இதில் அதே எதிரி தாக்குப்பிடிப்பான். ஒரே கட்டத்துக்கு ரெண்டு மூணு தடவை மோத வேண்டிவரும். நியாயமான மாற்றம்தான். ஆனா பழைய சினாரியோவில் டர்ன் எண்ணிக்கை மாறலையே! பத்து டர்னில் மூணு கிராமம் பிடிக்கணும்னு வச்சுக்குங்க. முதல் கிராமத்திலேயே பாதி டர்ன் காலி.

கடைசியில் திரையில் 'மேஜர் டிஃபீட்' என்று வரும். உங்க பிளான் தப்பா, நீங்க டிக் பண்ணின பெட்டி தப்பா? புதுசா வந்தவருக்கு அது தெரிய வழியே இல்ல. "நமக்கு இதெல்லாம் செட் ஆகாது"ன்னு கிளம்பிடுவார். என் கோபமே இதுதான். லேபில் ஒரே நேரத்தில் அஞ்சு நாப்பைத் திருப்பிட்டு, ரீடிங் ஏன் மாறுச்சுன்னு கேட்டா யார் பதில் சொல்வாங்க?

அதனால, சின்ன சினாரியோவா எடுங்க. அதோட விளக்கத்தை முழுசா படிங்க. பழையதுன்னா எக்ஸ்ட்ரீம் அசால்ட் ஆஃப். டாங்கி எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு கணக்குப் பார்க்குற 'ஆர்மர் ஃபேசிங்', கண்ணுக்குத் தெரியாத கட்டத்திலும் பீரங்கி அடிக்க விடுற 'இன்டைரக்ட் ஃபயர் பை த மேப்' இதெல்லாம் காய் நகர்த்தப் பழகின பிறகு, ஒவ்வொண்ணா. அதே சினாரியோவை ஒரு ரூல் மட்டும் மாத்தித் திரும்ப ஆடினா வித்தியாசம் தானா புரியும்.

ஒரே விதிவிலக்கு, 'ஃபாக் ஆஃப் வார்'. அதை முதல் நாளே ஆன் பண்ணுங்க. எதிரி எங்க இருக்கான்னு தெரியாம முடிவெடுக்குறதுதான் வார்கேமோட உயிரே.

ஃபிரெண்டோட மெயிலில் ஃபைல் அனுப்பி ஆடுறீங்களா? ரெண்டு பேர்கிட்டயும் ஒரே வெர்ஷன் இருக்கான்னு பாருங்க. ரூல்ஸை முதல் ஃபைல் போறதுக்கு முன்னாடியே பேசி முடிங்க. மாட் போடணும்னா தனி ஃபோல்டரில் இன்னொரு காப்பி வச்சுப் போடுங்க.

"அப்போ ரியலிசம்?" என்று சீனியர்கள் கேப்பாங்க. டிக் எண்ணிக்கையை வச்சு ரியலிசத்தை அளக்க முடியாது, அண்ணா. எழுதினவர் கொடுத்த நேரமும் நீங்க போட்ட ரூலும் ஒத்துப்போகலைன்னா, அது எந்தப் போரும் இல்ல. அடுத்த தடவை ஒரு ஜூனியர் "எந்த ரூல்ஸ் போடணும்?" என்று கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி "எந்த சினாரியோ ஆடுற?" என்று கேளுங்க.