கோட்டை வாசலோடு நின்றுவிடும் சுயாட்சி

ஜனநாயகத்தின் எதிர்காலம் குறித்து அண்மையில் சென்னையில் நடந்த கருத்தரங்கில் காலை முதல் மாலைவரை உட்கார்ந்திருந்தேன். செயற்கை நுண்ணறிவு தேர்தலை என்ன பாடுபடுத்தும், வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் யாரையெல்லாம் வெளியே தள்ளும், தொகுதி மறுவரையறையில் தென்மாநிலங்கள் எவ்வளவு இழக்கும் என்று எல்லாமே பேசப்பட்டன. இந்தியாவைத் ‘தேர்தல்வழி எதேச்சதிகாரம்’ என்று ஸ்வீடனின் வி-டெம் நிறுவனம் வகைப்படுத்தியிருப்பதை ஒருவர் மாற்றி ஒருவர் திரையில் காட்டினார்கள். இடையிடையே உத்திரமேரூர் கல்வெட்டும் வந்து போனது. பேச்சாளர்கள் படித்தவர்கள், நேர்மையானவர்கள், கவலையும் உண்மையானதுதான். ஆனால், ஒரு செய்தி மட்டும் எவர் வாயிலும் வரவில்லை. தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சி மன்றத் தலைவர், வார்டு உறுப்பினர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட 2025 ஜனவரியிலிருந்து கிடையாது.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அன்றிலிருந்து தனி அலுவலர்கள் ஆட்சி. ஆறு மாதத்துக்கு என்று தொடங்கிய ஏற்பாடு, நீட்டிக்கப்பட்டு 2025 இறுதியில் ஆண்டு நிறைவை நெருங்கியது. காலியாகக் கிடக்கும் பதவிகளைக் கூட்டிப் பாருங்கள். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர்கள் 76,746. ஊராட்சித் தலைவர்கள் 9,624. ஒன்றியக் கவுன்சிலர்கள் 5,090. மாவட்டக் கவுன்சிலர்கள் 515. மொத்தம் 91,975. சட்டமன்றத்தில் இருக்கும் 234 இடங்களில் ஒன்று காலியானாலும் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வந்துவிடுகிறது. ஊருக்கு ஊர் அமைச்சர்கள் முகாமிடுகிறார்கள். 91,975 இடங்கள் ஒரே இரவில் காலியானபோது ஒரு கடையடைப்புகூட நடக்கவில்லை.

முப்பது ஊருக்கு ஒரு அதிகாரி

நடைமுறையில் இது என்ன என்பதைக் கருத்தரங்கு மண்டபத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. 9,624 ஊராட்சிகள் 314 ஒன்றியங்களில் பரவிக் கிடக்கின்றன. ஊராட்சியின் தனி அலுவலர் என்பவர் அந்த ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். சராசரியாக 30 ஊர்களுக்கு அவர் ஒருவரே தலைவர், துணைத் தலைவர், மன்றம், தீர்மானம் எல்லாம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சத்தம் போட முடியாது; மனு கொடுக்கலாம். வாக்காளரை மனுதாரராக இறக்கிவிட்ட மாற்றம் இது. வி-டெம்மின் அட்டவணை எதிலும் இது ஏறாது.

கருத்தரங்கின் இடைவேளையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், தலைவர்கள் இல்லாததால் வேலைகள் தடையின்றி நடக்கின்றன, கமிஷன் குறைந்திருக்கிறது என்றார். நெருக்கடி நிலைக் காலத்தில் ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்று சொன்னவர்களின் வாரிசு இவர். பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

இன்னோர் அமர்வில் அயர்லாந்தின் மக்கள் பேரவை பற்றி உற்சாகமாகப் பேசினார்கள். வாக்காளர்களில் இருந்து குலுக்கல் முறையில் எடுத்த 99 பேரும் ஒரு தலைவரும் கூடி விவாதித்துக் கொடுத்த பரிந்துரையில் இருந்துதான் 2018-ல் கருக்கலைப்பு குறித்த பொதுவாக்கெடுப்பு வந்தது. நல்ல முயற்சிதான். கைதட்டல் பலமாக இருந்தது. 99 பேர் கூடியதற்குத் தட்டிய கைகள், 91,975 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டதற்கு ஏன் ஒருமுறைகூட உயரவில்லை?

356-ம் தனி அலுவலரும்

இங்கேதான் நான் பல மேடைகளில் கேட்டுச் சலித்த ஒரு கேள்வியை மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. 1976 ஜனவரி 31-ல் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது தமிழக அரசியலின் ஆறாத காயம். குடியரசுத் தலைவர் ஆட்சி அப்போது 17 மாதங்கள் நீடித்தது. 1991 ஜனவரியில் மீண்டும் கலைக்கப்பட்டபோது ஐந்து மாதங்கள்கூட நீடிக்கவில்லை. இவ்விரண்டையும் இன்றுவரை மேடைதோறும் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும்.

இப்போது உள்ளாட்சிக் கணக்கைப் பாருங்கள். 2016 அக்டோபர் 24-ல் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்துசெய்ததைக் காரணம் காட்டி அதிமுக அரசு தனி அலுவலர்களை நியமித்தது. பெரும்பாலான கிராமங்களுக்கு அந்த ஆட்சி மூன்று ஆண்டுகள் இரண்டு மாதங்கள் நீடித்தது. காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம், திருநெல்வேலியும் அவற்றில் இருந்து பிரிக்கப்பட்டவையுமான ஒன்பது மாவட்டங்களின் கிராமங்களுக்கு 2021 அக்டோபர்வரை ஐந்து ஆண்டுகள். நகரங்களுக்கு 2022 பிப்ரவரித் தேர்தல்வரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேல். 356-வது பிரிவின்கீழ் ஒரு மாநிலத்தை டெல்லி எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு, மிஞ்சிப்போனால் மூன்று ஆண்டுகள். ஓராண்டைத் தாண்டுவதற்கே அரசமைப்பில் கடும் நிபந்தனைகள். அதாவது, எந்த டெல்லி அரசும் தமிழ்நாட்டுக்குச் செய்ய முடியாததைத் தமிழ்நாட்டு அரசு தன் கிராமங்களுக்குச் செய்தது. ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கும் உத்தியைக்கூட அங்கிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறது.

சென்னையின் கதை இதைவிட மோசம். 1688-ல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி இது. மஸ்டர் ரோல் ஊழல் புகாரை அடுத்து 1973 இறுதியில் திமுக ஆட்சியில் மாமன்றம் கலைக்கப்பட்டது. எம்ஜிஆர் பத்தாண்டுகள் முதல்வராக இருந்தார். சென்னைக்குத் தேர்தல் வரவில்லை. மறுபடி திமுக வந்தது, வரவில்லை. ஜெயலலிதா ஐந்தாண்டு ஆண்டார், வரவில்லை. 73, 74-வது அரசமைப்புத் திருத்தங்கள் கழுத்தைப் பிடித்த பிறகு, 1996-ல்தான் வந்தது. இடையில் போனது 23 ஆண்டுகள். 2016 முதல் 2022 வரை மறுபடியும் மாமன்றம் இல்லை. 1973 இறுதி முதல் 2022 தொடக்கம்வரையிலான 48 ஆண்டுகளில் 28 ஆண்டுகள் சென்னை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாமல் ஆளப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கு கருத்தரங்கு மண்டபத்தின் வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டியது.

மற்ற ஊர்களும் ஒழுங்கில்லை என்பார்கள். உண்மைதான். மும்பை மாநகராட்சியின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. 2026 ஜனவரி 31-க்குள் மகாராஷ்டிர உள்ளாட்சித் தேர்தல்களை முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது. பெங்களூருவில் 2020 செப்டம்பருக்குப் பிறகு மாமன்றமே இல்லை. ஆனால், மாநில உரிமையின் தலைநகரம் என்று நாம் அழைத்துக்கொள்வது மும்பையையோ பெங்களூருவையோ அல்ல.

எல்லை தாண்டினால் போதும்

அரசு சொல்லும் காரணங்கள்: வார்டு மறுவரையறை, ஊராட்சிகளை நகரங்களோடு இணைத்தல், இடஒதுக்கீட்டுப் பட்டியல். கேரளத்திலும் இதே காலத்தில் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டன. செய்து முடித்து, 2025 டிசம்பர் 9, 11 தேதிகளில் வாக்குப்பதிவு நடத்தி, 13-ல் வாக்குகளையும் எண்ணிவிட்டார்கள். 1995, 2000, 2005, 2010, 2015, 2020, 2025. பார்த்தீர்களா, ஐந்தின் வாய்ப்பாடு போல் இருக்கிறது. 2020-ல் கரோனா உச்சத்தில் இருந்தது. அந்த டிசம்பரிலும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அங்கே இடதுசாரியும் காங்கிரஸும் மாறி மாறி ஆண்டார்கள்; உள்ளாட்சியில் தோற்போம் என்று தெரிந்தும் தேர்தலைத் தள்ளிவைக்கும் துணிச்சல் எவருக்கும் வரவில்லை. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே ஒரு மலைதான் இருக்கிறது. மழை ஒன்று, மலை ஒன்று, அரசமைப்புச் சட்டமும் ஒன்று. வேறுபாடு அரசியல் மனதில்தான்.

அரசமைப்பின் 243-இ பிரிவில் குழப்பம் ஏதும் இல்லை. ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்ற ஏற்பாடே அரசமைப்பில் கிடையாது. 2006-ல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிபடச் சொன்னது. மறுவரையறை என்பது தள்ளிவைக்கத் தேவைப்படும் சாக்கு, வேறொன்றும் இல்லை.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. 2019-ல் எதிர்க்கட்சியாக இருந்த திமுக, உள்ளாட்சித் தேர்தல் நடத்தாத அரசைக் கண்டித்து ஊர் ஊராக ஊராட்சி சபைக் கூட்டம் நடத்தியது. ஆட்சிக்கு வந்ததும் கிராம சபைக் கூட்டங்களை ஆண்டுக்கு நான்கில் இருந்து ஆறாக உயர்த்தி, நவம்பர் 1-ஐ உள்ளாட்சி நாளாகவும் அறிவித்தது. 2025 நவம்பர் 1-லும் உள்ளாட்சி நாள் வந்தது. 28 மாவட்டங்களின் கிராமங்களில் உள்ளாட்சிதான் இல்லை. உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டம் 2025 ஏப்ரலில் நிறைவேறியது. மெச்ச வேண்டிய சட்டம். நியமிக்கப்படுகிறவர் போய் அமர, பெரும்பாலான கிராமங்களில் மன்றம் எங்கே இருக்கிறது?

உத்திரமேரூர் போதும்

கருத்தரங்குகளுக்கு ஒரு வேண்டுகோள்: உத்திரமேரூரைக் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தின் அந்தக் குடவோலைக் கல்வெட்டு அருமையான ஆவணம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் போட்டியிட முடியாது என்ற விதி இன்றைக்கும் பொறாமைப்பட வைப்பது. ஆனால், அது சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கான பிராமண சபை. பெண்ணுக்கும் உழுகுடிக்கும் அதில் ஓலை இல்லை.

நம் ஜனநாயகத்தின் உண்மையான கல்வெட்டு மதுரை மாவட்டத்தின் மேலவளவில் இருக்கிறது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியில் தேர்தலில் வென்ற குற்றத்துக்காகத் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30-ல் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்கார 1996-ல் இருந்து பத்தாண்டுகள் ஆயின. 2006-ல் தேர்தல் நடந்தபோது கருணாநிதி அதை விழாவாகவே கொண்டாடினார். 2021 அக்டோபர் 2-ல் முதல்வர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் நேரில் போய் உட்கார்ந்தார். பத்தாண்டுகள் போராடிப் பெற்ற அதே நாற்காலி இன்று தனி அலுவலர் வசம். எந்த ஆதிக்கச் சாதியும் முயன்று முடியாததை ஓர் அரசாணை செய்து முடித்துவிட்டது. பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. தனி அலுவலருக்கு இடஒதுக்கீடு கிடையாது, சுழற்சி கிடையாது. சமூகநீதியை இப்படி மொத்தமாக நிறுத்திவைக்கும் வேறோர் ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

யாரிடம் கேட்பது?

2025 ஏப்ரலில் மாநில சுயாட்சி குறித்து ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ராஜமன்னார் குழுவின் மரபில் வரும் அந்த முயற்சியை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், பந்தியில் தன் இலைக்கு வரவில்லை என்று சத்தம் போடுகிறவர், பக்கத்து இலையை மடித்து வைத்துவிட்டுச் சத்தம் போடக் கூடாது. டெல்லியில் இருந்து கோட்டைக்கு வரும் அதிகாரம் கோட்டையிலேயே தங்கிவிடும் என்றால், அது சுயாட்சி அல்ல, இடைத்தரகு. இதைச் சொன்னால் பாஜகவுக்குத் துணைபோகிறாய் என்பார்கள். பாஜக கூட்டணி ஆளும் மகாராஷ்டிரத்தின் யோக்கியதையை மேலேயே சொல்லிவிட்டேன்.

செய்ய வேண்டியது எளிது. வார்டு வரையறையும் இடஒதுக்கீட்டுச் சுழற்சியும் அரசின் கையில் இருந்து மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் போக வேண்டும். குறித்த தேதிக்குள் புதிய வரையறை முடியாவிட்டால் பழைய வார்டுகளிலேயே தேர்தல் நடக்க வேண்டும். தனி அலுவலர் நியமனத்துக்கு இடம் தரும் சட்டப் பிரிவுகள் நீக்கப்பட வேண்டும். இவை போதாது. உள்ளாட்சித் தேர்தல் ஆறு மாதத்துக்கு மேல் தாமதமானால் அந்த மாநிலச் சட்டமன்றமே கலைந்துவிடும் என்று அரசமைப்பில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். மிகையாகத் தோன்றலாம். ஆனால், தங்கள் நாற்காலி ஆடாதவரை எந்தக் கட்சியும் ஊராட்சி நாற்காலியைத் திருப்பித் தராது என்பதற்கு 1973 முதலான வரலாறே சாட்சி.

2026-ல் சட்டமன்றத் தேர்தல். வாக்குக் கேட்டு வரும் எல்லா வேட்பாளர்களிடமும் ஊராட்சித் தேர்தல் தேதியைக் கேளுங்கள். தேதி சொல்லாதவருக்கு வாக்கு இல்லை என்று சொல்லி அனுப்புங்கள். தேர்தல் இல்லாமலே ஆளலாம் என்று தமிழ்நாட்டுக் கட்சிகள் கிராமங்களில் மக்களைப் பழக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பழக்கம் முற்றிய பிறகு டெல்லி இன்னொரு முறை கோட்டையைக் கலைத்தால், தெருவில் இறங்கத் தமிழ்நாட்டில் ஒருவரும் மிஞ்சமாட்டார்.