மக்காச்சோளம்: விளைச்சல் கூடினால் விவசாயியின் வருமானமும் கூடுமா?

காலையில நீங்க சாப்பிட்ட ஆம்லெட்டுக்கும், ஆபீஸ் போற வழியில வண்டிக்குப் போட்ட பெட்ரோலுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அதுதான் மக்காச்சோளம். கோழித் தீவனத்தில் பாதிக்கும் மேல் இந்தச் சோளம்தான். பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கப்படும் எத்தனாலுக்கும் இப்போது இது முக்கியமான மூலப்பொருள். ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும்.

தேவை ஏறியதன் விளைவு என்ன தெரியுமா? பல ஆண்டுகளாக ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2024-ல் மியான்மர், உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்து மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது. அதிலிருந்து 'விளைச்சலைக் கூட்டுங்க' என்ற குரல் பலமாகக் கேட்கிறது. கூட்ட முடியுமா? கூட்டினால் லாபம் யாருக்கு?

நாம எங்க இருக்கோம்?

இந்தியாவின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு சுமார் 3.5 டன். ஏக்கர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 14 குவிண்டால். அமெரிக்காவில் ஹெக்டேருக்கு சுமார் 11 டன். ஆனா இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்க வேண்டாம். அங்கே பண்ணைகள் நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் இருக்கும். இங்கே 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி ஒரு விவசாயியின் சராசரி நிலமே 1.08 ஹெக்டேர்தான். நம்ம சாகுபடியில் பெரும்பகுதி மழையை நம்பிய காரீப் பருவத்தில் நடக்கிறது.

நம்ம நாட்டுக்குள்ளேயே பார்க்கலாம். பீகாரின் பூர்ணியா, கட்டிஹார், ககாரியா பகுதிகளில் அக்டோபர், நவம்பரில் விதைத்து கோடையில் அறுக்கிறார்கள். அங்கேயும் சிறு விவசாயிகள்தான். ஆனால் விளைச்சல் தேசிய சராசரியைவிட நன்றாகவே அதிகம். குளிர்காலத்தில் பயிர் மெதுவாக, கூடுதல் நாட்கள் வளர்கிறது. மேகமூட்டம் குறைவு. வயலில் மழைநீர் தேங்காது. தேவைப்படும்போது தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம். ஆக, நிலம் சின்னது என்பது மட்டும் தடை இல்லை. தண்ணீரும் பருவமும் கையில் இருக்கா என்பதுதான் விஷயம்.

வயலில் எதை மாற்றலாம்?

முதலில் செடிகளின் எண்ணிக்கை. நெல் பயிரில் இடைவெளி விழுந்தால் பக்கத்துப் பயிர் தூர்கட்டி நிரப்பிவிடும். மக்காச்சோளம் அப்படி இல்லை. ஒரு செடிக்குப் பெரும்பாலும் ஒரு நல்ல கதிர்தான். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் விட்டால் ஏக்கருக்கு சுமார் 27,000 செடிகள் நிற்கும். முளைக்காமல் போன ஒவ்வொரு குழியும் அநேகமாக ஒரு கதிர் நஷ்டம்.

அடுத்து உரம். 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் சுமார் 266 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 50 கிலோ டிஏபி மூட்டையோ 1,350 ரூபாய். மலிவாக இருப்பதால் யூரியாவை அள்ளிக் கொட்டுவதும், மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகத்தில் மிச்சம் பிடிப்பதும் சகஜம். இதற்கு மண் பரிசோதனை செய்து அளவு போடுவது ஒரு வழி. தழைச்சத்தை ஒரேயடியாகப் போடாமல் விதைக்கும்போது, 25-ம் நாள், 45-ம் நாள் என்று பிரித்துப் போடுவது இன்னொரு வழி. இரண்டாவதற்குக் கூடுதல் செலவு கூலி மட்டும்தான்.

மூன்றாவது, தண்ணீர். ஆண் பூங்கொத்து வந்து, கதிரில் பட்டு நூல் விடும் நாட்கள்தான் ஆபத்தான கட்டம். அப்போது வறட்சி வந்தால் மணி பிடிக்காது. மற்ற நாட்களில் எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

நான்காவது, படைப்புழு. 2018-ல் கர்நாடகாவின் சிவமொக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்தப் புழு, சீக்கிரமே தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்குப் பரவியது. குருத்துக்குள் ஒளிந்து தின்பதால் வெளியே இருந்து தெரியாது. முளைத்த முதல் வாரங்களிலேயே குருத்தைப் பிரித்துப் பார்ப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, வரப்பில் தட்டைப்பயறு, எள் போடுவது எல்லாம் உதவும். புழு பெரிதான பிறகு மருந்தடிப்பது பெரும்பாலும் காசைக் கரைக்கிற வேலை.

சரி, இதையெல்லாம் செய்தா காசு வருமா?

இங்கதான் சிக்கல். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆனால் நெல், கோதுமை மாதிரி மக்காச்சோளத்தைப் பெரிய அளவில் அரசு கொள்முதல் செய்வதில்லை. 2025 காரீப்பில் பலரும் மக்காச்சோளத்துக்கு மாறியதால் சாகுபடிப் பரப்பு கூடியது. அறுவடை வந்ததும் கர்நாடகச் சந்தைகளில் விலை 1,600 முதல் 1,800 ரூபாய்க்கு இறங்கியது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. ஏக்கருக்கு 14 குவிண்டால் எடுத்து 2,400 ரூபாய்க்கு விற்றால் 33,600 ரூபாய். கஷ்டப்பட்டு விளைச்சலை 20 குவிண்டாலாக உயர்த்தி, 1,700 ரூபாய்க்கு விற்றால்? 34,000 ரூபாய். ஆறு குவிண்டால் கூடுதலாக விளைவித்ததற்குக் கிடைத்தது 400 ரூபாய். உரம், கூலி, அறுவடைச் செலவு அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

விற்கும் நேரத்தில் இன்னொரு அடியும் விழும். அறுக்கும்போது தானியத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் ஈரம் இருக்கும். வியாபாரி கேட்பது சுமார் 14 சதவீதம். காயப்போடக் களம் இல்லாதவர்கள் ரோட்டில் காயவைக்கிறார்கள், அல்லது ஈரத்தோடே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சரியாகக் காயாத தானியத்தில் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் நச்சு உருவாகும். அதைத் தீவன ஆலைகள் ஏற்பதில்லை.

அப்போ என்னதான் தீர்வு?

விளைச்சல் முக்கியமில்லை என்று அர்த்தம் இல்லை. விலை நன்றாக இருக்கும் ஆண்டில், அந்த ஆறு குவிண்டால் 14,400 ரூபாய் தரும். ஆனால் விளைச்சலைக் கூட்டும் பொறுப்பை விவசாயியிடம் விட்டுவிட்டு, விலை விழும் ஆபத்தையும் அவர் தலையிலேயே கட்டுவது நியாயமா? ஊருக்கு ஒரு உலர்களம், பொது உலர்த்தும் இயந்திரம், ஆதரவு விலையில் எத்தனால் ஆலைகளுடன் நேரடிக் கொள்முதல் ஒப்பந்தம் ஆகியவை புது விதை ரகத்துக்கு இணையான அவசியம்.

உங்களுக்கு ஊர்ல நிலம் இருந்தா, இந்த முறை விதைக்கும் முன்பு வீட்டில் ரெண்டு கேள்வி கேளுங்க: எங்க காயவைக்கப் போறோம்? யாருக்கு விற்கப் போறோம்? எந்த விதை என்ற கேள்வி அதுக்கு அப்புறம் வரட்டும்.