‘சின்னதுலயே தூக்கிட்டு வந்தாதான் ஒட்டும்’: ராஜபாளையம் நாய்க்குட்டி விஷயத்தில் இது சரியா?

திருத்தங்கல் பக்கம் ராஜபாளையம், சிப்பிப்பாறை குட்டி வாங்கப் போகிறவர்கள் பலரும் கண் திறந்து நடக்கத் தொடங்கியதுமே கேட்கிறார்கள். ஆனால், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்கின்றன மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகள்.

தாய்ப்பால் மட்டும் காரணமில்லை. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்பது கூடப்பிறந்ததுகளிடம்தான். ஓவரா கடிச்சா விளையாட்டு நின்றுவிடும், அதுதான் பாடம்.

மனிதர், சத்தம், புது இடம் என எல்லாவற்றுக்கும் எளிதில் பழகும் பருவம் 3-வது வாரத்தில் தொடங்கி, 12 முதல் 14 வாரங்களுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இதில் கிட்டத்தட்ட பாதி, விற்பவர் வீட்டிலேயே கழிகிறது. ராஜபாளையம் இயல்பிலேயே அந்நியரிடம் ஒட்டாத இனம். கூண்டிலேயே கிடந்த குட்டி வளர்ந்தபின் விருந்தாளி மேல் பாய்ந்தால், குறை நாயுடையது அல்ல.

சிவகாசி வட்டாரத்தில் வெடிச் சத்தம் வேறு. ‘கேட்டுக் கேட்டுப் பழகிடும்’ என்று பக்கத்தில் சரம் கொளுத்தினால் பயம்தான் ஊறும். குட்டி சாப்பிடும்போது போனில் பட்டாசு ஒலியை மெல்ல ஓடவிட்டு, நாள்பட நாள்படக் கூட்ட வேண்டும். சாப்பாட்டை விட்டு ஒதுங்கினால், சத்தம் கூடிப்போச்சு என்று அர்த்தம். (வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. ‘சத்தத்துக்குப் பயமே இல்லை’ என்று சொன்னால், பின்னாலிருந்து கைதட்டிப் பார்ப்பது நல்லது.)

அப்பன் நாய், ஆத்தா நாய் பற்றி விசாரிப்பவர்கள், ‘இந்தக் குட்டியை இதுவரை எத்தனை பேர் தூக்கிக் கொஞ்சினாங்க?’ என்றும் கேட்கணும். பதில் தடுமாறினால் வேறு வீடு பார்க்கலாம்.