33-ல் நின்றுபோன கதை... செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி!

செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் கல்பாக்கம் அணுமின் நிலையம். லீவு நாளில் சிற்பங்களைப் பார்க்க இந்தப் பக்கம் போகாத குடும்பம் குறைவு. இந்திய ராணுவத்துக்குள் அணு ஆயுதம் பற்றி வெளிப்படையாகப் பேசிய ஜெனரல் கே.சுந்தர்ஜி பிறந்த ஊர் இதே செங்கல்பட்டுதான்!

1928-ல் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், 1946-ல் மஹர் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார். தொடக்கமே வடமேற்கு எல்லைப்புற மாகாணம். பிறகு காஷ்மீர், ஐ.நா. படையோடு காங்கோ, 1965 போர்.

1986-ல் ராணுவத் தலைமைத் தளபதி. அந்த வருடம் அருணாசல எல்லையில், சும்தொரோங் சூ பள்ளத்தாக்கில் சீன வீரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 1962-ல் நாம் அடி வாங்கிய பகுதிக்குப் பக்கத்திலேயே! சுந்தர்ஜி காத்திருக்கவில்லை. ஒரு பிரிகேடையே ஹெலிகாப்டர்களில் ஏற்றி மலைக்கு அனுப்பினார். டெல்லியில் சிலர் பதறியபோது, ‘என் ஆலோசனை போதாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற தொனியில் பதில் சொன்னாராம்.

இந்தத் துணிச்சலை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதிக் கதை. 1984-ல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தபோது மேற்குப் பிராந்தியத் தளபதி அவர்தான். 1987-ல் அமைதிப்படை இலங்கை போனதும் அவர் காலத்தில்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். ஈழத் தமிழர்களின் இழப்பும் வலியும் நாம் அறிந்ததே. இரண்டுமே இன்னும் ஆறாத புண்கள்.

அவருடைய இன்னொரு ஆயுதம் பேனா. மத்தியப் பிரதேசத்தின் மௌ நகரிலுள்ள போர்க் கல்லூரிக்குத் தலைவராக இருந்தபோதே, 1981-ல், அணு ஆயுதம் குறித்துத் தபால் வழியே ஒரு கருத்தரங்கு நடத்தி, அதை வெளியீடாகவும் கொண்டுவந்தார். ஜூம் மீட்டிங் எல்லாம் இல்லாத காலம்! சீருடையைக் கழற்றிய பிறகு, 1993-ல் வந்தது ‘பிளைண்ட் மென் ஆஃப் இந்துஸ்தான்’. இந்தியா-பாகிஸ்தான் அணு ஆயுதப் போர் மூண்டால் என்ன ஆகும் என்பதைக் கதையாகவே எழுதினார். தலைப்பைப் பார்த்ததும் யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் ஞாபகம் வரும். குத்தல், முடிவெடுக்கும் நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு.

1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுகளைச் சோதித்தது. பல வருடங்களாக அதைப் பற்றி எழுதியவர் அப்போது மோட்டார் நியூரான் நோயின் பிடியில் இருந்தார். தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் நோய் அது.

தன் வாழ்க்கையை 105 பகுதிகளாக எழுதத் திட்டமிட்டிருந்தார். 1999 பிப்ரவரி 8-ல் அவர் இறந்தபோது முடிந்திருந்தவை 33. அடுத்த வருடம் ‘ஆஃப் சம் கான்சிக்வென்ஸ்’ என்ற பெயரில் அவை புத்தகமாக வந்தன. மீதி 72 பகுதிகள் அவரோடு போய்விட்டன.