மொட்டை மாடியில் ஒரு கம்பம்

கடலோர ஜில்லா ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த குமாரன் அமெச்சூர் ரேடியோப் பரீட்சையில் தேறி, மத்திய சர்க்காரின் லைசென்ஸும் பெற்றுவிட்டானாம். இப்போது வீட்டு மொட்டை மாடியில் 60 அடிக் கம்பம் நாட்டியே தீரவேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். "பிள்ளையின் ஆசையைத் தடுக்கவும் மனமில்லை, அடுத்த வீட்டு ஓட்டுக் கூரையை நினைத்தால் தூக்கமும் வரவில்லை" என்கிறார்.

சகோதரியின் பயம் நியாயமானது. பிள்ளையின் ஆசையும் நியாயமானதே. கம்பம் நாட்டலாம் என்பதுதான் நம் அபிப்பிராயம். ஆனால் 60 அடி வேண்டாம்.

காரணம் சொல்லுகிறோம். தூர தேசங்களோடு பேச அமெச்சூர்கள் பெரிதும் கையாளுவது 20 மீட்டர் அலைவரிசை. ஏரியலைத் தரையிலிருந்து அலை நீளத்தில் பாதி, அதாவது 10 மீட்டர் (ஏறக்குறைய 33 அடி) உயர்த்தினால், அலையானது தாழ்ந்த கோணத்தில் கிளம்பி, ஆகாயத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, வெகு தொலைவில் போய் இறங்குகிறது. மாடி வீட்டின் தளமே 20 அடிக்கு மேல் இருக்கிறது. அதன்மேல் 15 அடிக் குழாய் ஒன்றை நட்டால் கணக்குச் சரியாகிவிடுகிறது. இன்னும் உயர்த்தினால் பலனே இல்லையென்று சொல்ல மாட்டோம். கூடும் பலன் கொஞ்சம். கூடும் ஆபத்து அதிகம். 40 மீட்டர் அலைவரிசைக்கும் இதே கம்பம் உதவும். சுமார் 66 அடிச் செப்புக் கம்பியை நடுவில் அறுத்து, அந்த நடுப்பாகத்தை உச்சியில் ஏற்றி, இரு முனைகளையும் கூரை முகடு போல் இருபுறமும் சரித்துக் கட்டலாம். முனைகள் மாத்திரம் யார் கைக்கும் எட்டக் கூடாது. பேசும் சமயத்தில் அங்கே மின் அழுத்தம் மிகுதி.

கம்பத்தை நிறுத்தி வைப்பது கம்பத்தின் பருமன் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதை நிறுத்துவது ஸ்டே கம்பிகளே. இதை அறிய வேண்டுமானால் மார்க்கோனியின் கதையைப் பார்க்க வேண்டும். 1901-ம் வருஷம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், போல்து என்னுமிடத்தில், அவர் 20 கம்பங்களை வட்டமாக நிறுத்தினார். ஒவ்வொன்றும் 200 அடி உயரம். உச்சிகளை ஒன்றோடொன்று பிணைத்திருந்தார்களேயன்றி, ஒவ்வொரு கம்பமும் தானாகவே நிற்கும்படி எல்லாத் திசையிலும் தனித் தனியாக இழுத்துக் கட்டவில்லை. இது புயலுக்குத் தாங்காதென்று எஞ்சினீயர் விவியன் எச்சரித்தார். அவர் சொல் ஏறவில்லை. செப்டம்பரில் அடித்த புயலில் அத்தனையும் சாய்ந்தன. அட்லாண்டிக்கின் மறுகரையில், கேப் காடில், அதே மாதிரியாகக் கட்டியவையும் நவம்பரில் விழுந்தன. டிசம்பர் 12-ந் தேதி நியூபவுண்ட்லாந்தில் மூன்று புள்ளிகளின் ஒலி தம் காதில் விழுந்ததாக மார்க்கோனி அறிவித்தபோது, அவருடைய ஏரியலைத் தூக்கிக்கொண்டிருந்தது ஒரு காற்றாடி! (அந்த ஒலியை அவர் மெய்யாகவே கேட்டாரா என்று இன்றும் சந்தேகிக்கும் நிபுணர்கள் உண்டு. அது வேறு வழக்கு.)

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 17 கிலோ எடை அளவுக்குத் தள்ளும் காற்று, 120 கிலோமீட்டரில் 70 கிலோ அளவுக்குத் தள்ளும். 2018 நவம்பரில் வேதாரணியத்தருகே கரை கடந்த 'கஜா' புயலில் மின்சாரக் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்ததை அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே நான்கு திசையிலும் ஸ்டே கம்பி வேண்டும். அவை கம்பத்தோடு 45 பாகைக் கோணத்தில் சரிந்திருப்பது நலம். இடமில்லையென்று 20 பாகைக்கு நெருக்கிக் கட்டினால், அதே காற்றுக்குக் கம்பி தாங்கவேண்டிய இழுவை இரட்டிப்பாகும். கம்பத்தைக் கீழ்நோக்கி அமுக்கும் விசையும் ஏறி அதை வில்லாக வளைக்கப் பார்க்கும். ஒரு குச்சியையும் நான்கு நூலையும் வைத்துக்கொண்டு நாம் வகுப்பில் இதைக் காட்டுவதுண்டு. குச்சி ஒடிகிற சத்தத்துக்குப் பின் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படுவதில்லை. கம்பியின் அடிமுனையைக் கைப்பிடிச் சுவரில் கட்டலாகாது. அது வெறும் செங்கல் அடுக்கு. கம்பத்தோடு தானும் புறப்பட்டு வந்துவிடும். தண்ணீர்த் தொட்டியிலும் கட்டலாகாது. கட்டடத்தின் கான்கிரீட் தூண்களில் உறுதியாகப் பதித்த கொக்கிகளே தகுந்தவை. கம்பத்தின் அடியில் கீல் வைத்துவிட்டால், ஆட்கள் சேர்ந்து அதை அப்படியே படுக்க வைத்து வேலை செய்யலாம். யாரும் ஏற வேண்டாம். வீட்டுக் கம்பத்துக்கு இதைவிடப் பெரிய க்ஷேமம் வேறில்லை.

மற்றெல்லா விதிகளுக்கும் முந்தியது ஒன்று உண்டு. கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் தெருவின் மின்சாரக் கம்பியைத் தொடக் கூடாது. கம்பத்தின் முழு நீளத்தோடு பத்தடியாவது கூட்டி, அவ்வளவு தூரத்துக்குள் மின்கம்பி இருக்குமானால், அந்த இடத்தில் கம்பமே கூடாது. குழாயை நிமிர்த்தும்போது மின்கம்பியில் பட்டு மாண்டவர்கள் உண்டு. இதில் பிள்ளை எவ்வளவு மன்றாடினாலும் தாயார் இளகக் கூடாது.

இடியைப் பற்றி இரண்டே வார்த்தை. கம்பத்தைத் தடித்த செப்புப் பட்டையால் பூமியோடு இணைத்து, அதை வீட்டின் மின்சார எர்த்துடனும் சேர்த்துவிட வேண்டும். மேகம் கருக்கும்போதே ஏரியல் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இடி தலைமேல் வந்த பிறகு அதைத் தொடக் கூடாது.

இனிப் பராமரிப்பு. நட்டவுடன் உற்சாகம் தீர்ந்துபோகிறது. உப்புக் காற்றின் உற்சாகம் தீர்வதில்லை. ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு தரமும், தை பிறந்த பின்பு ஒரு தரமும் கம்பத்தை இறக்கிப் பார்க்க வேண்டும். நாகம் பூசிய குழாயானாலும் துளையிட்ட இடத்திலும் அறுத்த முனையிலும் துரு முதலில் தலைகாட்டும். கம்பியை முறுக்கும் டர்ன்பக்கிள் தானே தளராதபடி அதன் கண்களில் சிறு கம்பி கோத்திருக்க வேண்டும். எஃகுக் கயிற்றின் கிளிப்பில் தட்டையான சேணம் சுமை தாங்கும் நீண்ட பாகத்தின் மேலும், வளைந்த ஆணி மடக்கிய குறுமுனையின் மேலும் அமைய வேண்டும். இதை மாற்றிப் போட்டால் வளைந்த ஆணி சுமை தாங்கும் பாகத்தையே நசுக்கிவிடும். அலுமினியமும் செம்பும் நேருக்கு நேர் தொடும் இடங்கள் கடற்கரை ஊரில் விரைவில் அரிக்கும். கேபிள் இணைப்பில் நீர் புகாமல் நாடா சுற்றி, வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கலாக வளைத்து விட்டால், மழைத் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

தங்கையும் பரீட்சை எழுத விரும்புகிறாள், பெண்ணுக்கு இது எதற்கு என்று பாட்டி கேட்கிறார் என்றும் சகோதரி எழுதியிருக்கிறார். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஓர் அமெச்சூர் குழு அந்தமானுக்குச் சென்று, போர்ட் பிளேரில் நிலையம் நடத்திக்கொண்டிருந்தது. 26-ந் தேதி சுனாமி வந்து, தொலைபேசிகள் ஓய்ந்தபோது, தீவிலிருந்தவர்களின் செய்திகளை அந்தக் குழுவின் ஏரியல்கள் வெளியுலகுக்குக் கொண்டு சேர்த்தன. பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். தங்கை தாராளமாக எழுதட்டும். ஐப்பசிக்கு முன் கம்பத்தை இறக்கும் நாளில் ஒரு கயிற்றை அவளே பிடிக்கட்டும்.